கைக்கா, துணிக்கா?

தையல்காரம்மாவின் கையைப் பற்றித் தெருவில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தைத்த துணியை மட்டும் பார்த்தவர்கள், "அது கையா, அச்சா?" என்பார்கள். அந்தக் கையையே பிடித்துப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தங்கள் கையை மெதுவாக இழுத்துக்கொள்வார்கள்.

குற்றம் கையினுடையது அல்ல, தொழிலினுடையது. நாள் முழுக்கத் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி, இஸ்திரிப்பெட்டிச் சூடு, புதுத் துணியில் ஏறியிருக்கும் கஞ்சி. மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு விரலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். குளிர் தொடங்கினால் கேட்கவே வேண்டாம், விரல்நுனியெல்லாம் வெடித்துத் தோல் சொரசொரவென்று தூக்கிக்கொண்டு நிற்கும். பருத்தி பாவம், முரட்டுப் பிள்ளை, எல்லாம் தாங்கும். சாட்டின் தாங்காது. சும்மா ஒரு விரல் உரசினால் போதும், இழையைப் பிடித்து இழுத்துத் துணியின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். விழுந்தது விழுந்ததுதான், எந்த இஸ்திரியும் அதைப் போக்காது. அதனால் சில வருஷங்களாகவே யாராவது சாட்டின் கொண்டுவந்தால், "நேரமில்லைங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மெல்லிசான எதையும் புறங்கையால்தான் தொடுவாள். பட்டைத் தடவிப் பார்ப்பது புறங்கையால். மகளின் கன்னத்தைத் தடவுவதும், தொட்டில் காலத்திலிருந்தே, புறங்கையால்தான். மகளும், அம்மா என்றால் அப்படித்தான் தடவுவாள் போலிருக்கிறது என்று நினைத்து வளர்ந்துவிட்டாள்.

மகளுக்கு வீட்டில் பெயர் பாப்பா. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இருந்தாலும் பாப்பாதான். அவள் அறுபது வயதில் பேத்தியோடு வந்து நின்றாலும் இந்த வீட்டில் பாப்பாதான், அதை மாற்ற யாராலும் ஆகாது.

கல்யாணம் நிச்சயமான அன்றே தையல்காரம்மா யாருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய்த் தேன் நிறத்தில் சாட்டின் வாங்கிவந்து, பழைய தலையணை உறைக்குள் திணித்து, பீரோவின் அடித்தட்டில் ஒளித்து வைத்தாள். மகளின் கல்யாண உடையைத் தன் கையாலேயே தைக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பெரிய ஆசையா இது? ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்குத் தைத்தவள்!

ஆனால் அதற்குள் ஒரு விபரீதம் நடந்தது. பாப்பாவின் தோழி ஒருத்தி தன் சாட்டின் ரவிக்கையைக் கொண்டுவந்து, "ஆன்ட்டி, ஜிப் மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். மகளின் தோழியிடம் நேரமில்லை என்று சொல்ல முடியுமா? ஜிப்பை மாற்றினாள். மாற்றும்போதே இடது ஆள்காட்டி விரல் தன் வேலையைக் காட்டிவிட்டது. முதுகின் குறுக்கே சுவரில் ஆணி கிழித்த மாதிரி கோடு. தோழி தங்கமான பெண், "பரவால்ல ஆன்ட்டி, கண்ணுக்கே தெரியல" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். பாப்பாதான் கோட்டையும் பார்த்தாள், அம்மாவின் விரலையும் பார்த்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, என் கல்யாண டிரஸ்ஸை ரெடிமேடா எடுத்துக்கலாம்மா. மாசக் கடைசியில போய்ப் பாத்துட்டு வந்துடறேன். உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"சரிம்மா" என்றாள் தையல்காரம்மா. எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் மறுபடியும் கழுவினாள்.

ரெஸ்ட்! அந்தச் சொல்தான் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. யார் கேட்டார்கள் ரெஸ்ட்? ஊராருக்கெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, பெற்ற மகளை மட்டும் கடையில் தொங்குவதை மாட்டிக்கொள்ளச் சொல்வதா? அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கேட்கிற நமக்கே எரிகிறது.

கடையில் கிரீம் வாங்கிப் போடாமல் இல்லை. வாசனை போட்டதெல்லாம் வெடிப்பில் பட்டு, மிளகாய் அரைத்த கை போல எரிந்தது. வாசனை இல்லாதது, கையைக் கழுவின பிறகும் பிசுபிசுத்துத் துணியில் எண்ணெய்க் கறை வைத்தது. கறை வைக்கிற கையும் இழை இழுக்கிற கையும் தையல்காரிக்கு ஒன்றுதான்.

மாடியில் அவள் கணவனின் அக்கா இருந்தாள். தெருவே அவளை ரேடியோ என்றுதான் சொல்லும். காலையில் ஆன் ஆனால் படுக்கும்வரை ஓடும், நடுவில் விளம்பரத்துக்குக்கூட நிற்காது. ஒரு நாள் காலை, சர்க்கரை இரவல் கேட்டுக் கீழே வந்தவள், தம்பி மனைவி பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து தேன் நிறத் துணியைப் புறங்கையால் தடவித் தடவி அழுவதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயய்யோ, என்னடீம்மா இது? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணி." தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

ரேடியோ சத்தமில்லாமல் கேட்டாள். இது வரலாற்றில் இல்லாத சம்பவம். கேட்டு முடித்ததும் தம்பி மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அடிப்பாவி, இது என்ன கையா, தேங்காய் துருவியா?" என்றாள். பிறகு, "இதுக்குப் போயா அழற? நம்ம வீட்லயே கிரீம் செஞ்சுடலாம். நேத்துதான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். பாதாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, கற்றாழை. நாலே நாலு சாமான். கண்ணை மூடிட்டுச் செய்யலாம்."

"பாப்பாவுக்குத் தெரியக்கூடாது அண்ணி."

"நான் ஏன் சொல்றேன்? என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றாள் ரேடியோ. இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவள் கடைசிவரை காப்பாற்றினாள்.

தேன்மெழுகு வாங்கிவரும் பொறுப்பு டிரைவருக்கு வந்தது. டிரைவர் என்பது தையல்காரம்மாவின் கணவன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால், மதியம் முழுக்க வீட்டில்தான் இருப்பான். சாயங்காலம் போய் அழைத்துவருவான். "மெழுகுதானே, கரண்ட் போனா ஏத்தற மெழுகுவத்தியையே உருக்கிப் போடேன்" என்று யோசனை சொல்லி, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, தேன் விற்கிறவரைத் தேடிப் போய் மஞ்சள் கட்டியாக வாங்கிவந்தான்.

முதல் நாள் செய்தது சரித்திரப் பிரசித்தம். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணம் வைத்து, அதில் மெழுகும் எண்ணெயுமாக உருக்கினார்கள். வாசனை அருமையாக வந்தது. இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். ரேடியோ ஃப்ரிட்ஜைத் திறந்து, ஜில்லென்றிருந்த கற்றாழைச் சோற்றை எடுத்துச் சூடான எண்ணெயில் மொத்தமாகக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். மெழுகெல்லாம் பயந்துபோய் ஒரே உருண்டையாகச் சேர்ந்துகொண்டது; தண்ணீர் தனியே, எண்ணெய் தனியே, நடுவில் மஞ்சளாக ஒரு கட்டி மிதந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது குரங்காகக்கூட முடியவில்லை.

"வீடியோல இப்படி வரலையே" என்றாள் ரேடியோ.

"முழுசாப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேனே. நடுவுல அந்தப் பொண்ணு ரொம்ப வளவளன்னு பேசினா, அதை மட்டும் ஓட்டிட்டேன்."

பேசுவதையே பிழைப்பாகக் கொண்டவளுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்கப் பொறுமை இல்லை, என்ன செய்வது! ஓட்டிவிட்ட இடத்தில்தான் விஷயமே இருந்தது. கற்றாழையையும் எண்ணெய் இருக்கிற அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, நூல் போல மெல்லிசாக விட்டுக்கொண்டே, கை விடாமல் அடிக்கவேண்டும், ஆறும்வரை அடிக்கவேண்டும். இரண்டாம் முறை இருவரும் தலையோடு தலை வைத்து வீடியோவை முழுசாகப் பார்த்தார்கள். டிரைவர் அடித்தான். ஸ்டியரிங் பிடித்த கை, அலுக்கவே இல்லை. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்து, கெட்டியாகி, கரண்டியில் எடுத்தால் கொண்டை போட்டு நின்றது.

"ஆஹா, வெண்ணெய் மாதிரியே இருக்கே" என்றான் டிரைவர். அந்தக் குரலைக் கேட்ட உடனே ரேடியோ பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி, அதில் கொட்டை எழுத்தில் "தின்னாதே" என்று எழுதினாள். கெட்டுப்போகாமல் இருக்க வேறு எதையும் சேர்க்காததால் ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும், தம்பியின் நாக்கு நீளம் அக்காவுக்குத் தெரியாதா?

கிரீம் நன்றாக வந்துவிட்டது. கதை இங்கேயே முடிந்திருக்கவேண்டும். தையல்காரம்மா முடியவிடவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? கிரீமை எடுத்துக் கையில் பூசினாள். நல்ல மனுஷி என்றால் அப்புறம் கையைப் பார்ப்பாள். இவள் ஒரு துண்டு சாட்டினை எடுத்து அதன் மேல் விரலை வைத்து அழுத்தினாள். வட்டமாக எண்ணெய் ஊறியது. "பாத்தீங்களா அண்ணி, கறை வைக்குது. இது ஆகாது" என்று பாட்டிலை மூடினாள். பழக்கதோஷம்! வாழ்நாள் முழுக்கத் துணியையே பார்த்த கண், வேறு எங்கே போகும்?

அடுத்த நாள் எண்ணெயைக் குறைத்துச் செய்தாள். சாட்டினில் கறை கொஞ்சம் சிறுத்தது. அதற்கடுத்து இன்னும் குறைத்தாள். வீணாய்ப் போனது என்று எதையும் கொட்டவில்லை. உருண்டையாய்த் திரிந்துபோன முதல் கிரீமை டிரைவர் தன் ஷூவுக்குப் போட்டுத் தேய்த்தான். பள்ளிக்கூட வாசலில் டீச்சர்களெல்லாம் அவன் காலையே பார்த்தார்களாம். கறை வைத்த இரண்டாவது கிரீமை ரேடியோ எடுத்துக்கொண்டு போய் இரண்டு குதிகாலிலும் அப்பி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நாளில் அவள் குதிகால் மழமழவென்று ஆகி, தெருவில் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் செருப்பைக் கழற்றிக் காட்ட ஆரம்பித்தாள்.

தையல்காரம்மா மட்டும் விடாப்பிடியாகக் குறைத்துக்கொண்டே போனாள். தையலறைக் கொடியில் சாட்டின் துண்டுகள் ஊக்குக் குத்தி வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு கறை, முதலில் நெல்லிக்காய் அளவு, பிறகு சுண்டைக்காய் அளவு, பிறகு கடுகளவு. பாப்பா கேட்டதற்கு, "புதுசா ஒரு கஞ்சி போட்டுப் பாக்கறேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். மாசக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பாப்பா எந்தக் கடைக்குப் போவது என்று போனில் தோழியோடு பேசுவது காதில் விழும்போதெல்லாம் அவள் எண்ணெயை இன்னும் ஒரு சொட்டுக் குறைத்தாள்.

ஒரு மதியம், "அண்ணீ! அண்ணீ!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். ரேடியோ மூச்சிரைக்க இறங்கிவந்தாள். டிரைவர் பேப்பரைக் கீழே வைத்தான்.

"இங்க பாருங்க! கிரீம் தடவின விரலை அழுத்தி வெச்சு எடுத்தேன். கறை எங்கேன்னு காட்டுங்க பாப்போம்!"

இருவரும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அட, ஆமாம்" என்றாள் ரேடியோ. பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே மோர் மாதிரி சளக் சளக்கென்றது. "கை எப்படிம்மா இருக்கு?"

"என்ன?"

"கை, கை. கிரீம் எதுக்குச் செஞ்சோம்? கையைக் காட்டு."

தையல்காரம்மா கையைப் பார்த்தாள். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் பார்த்தாள். விரல்கள் முன்னைவிட மோசமாக வெடித்திருந்தன. தினமும் கற்றாழைத் தண்ணீரைத் தடவித் தடவிக் காயவிட்டதில் இருந்த ஈரமும் போய்விட்டிருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் புதிதாக ஒரு வெடிப்பு, சிவப்பாக.

"ஏம்மா, தெரியாமத்தான் கேக்கறேன்" என்றாள் ரேடியோ. "நீ கைக்குக் கிரீம் செய்யறியா, துணிக்குக் கிரீம் செய்யறியா?"

கொடியில் தொங்கின துண்டுகளைத் தையல்காரம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணெய் இருந்தால்தானே கறை வைக்கும். எண்ணெயே இல்லாவிட்டால் கை எப்படி ஆறும்? இதைப் புரிந்துகொள்ள இத்தனை நாள்! முதலில் அழுகை வரும்போலத்தான் இருந்தது. ஆனால் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டிய டிரைவர் பக்கத்தில் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறான், ரேடியோ மழமழ குதிகாலோடு நிற்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் பலித்துவிட்டது, இவள் கைக்கு மட்டும் ஒன்றுமில்லை. பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கடைசியில் அதற்குள்ளேயே அழுகையும் வந்தது.

"சிரிக்கறதா அழறதான்னு ஒண்ணை முடிவு பண்ணு" என்றான் டிரைவர். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னான். "நல்லா வந்துச்சே, ரெண்டாவது கிரீம், அதையே பண்ணு. கறை வைக்குதுன்னா உறை போடு. மழையில நனைஞ்ச பசங்க ஏறினா சீட்டு வீணாப் போகுதுன்னு நான் உறை போடறதில்லையா?"

"கைக்கு உறையா?"

"ஊருக்கெல்லாம் தைக்கற. உன் கைக்கு ஒரு உறை தைக்க மாட்டியா?"

தையல்காரம்மா வெட்டுமேஜையில் பேப்பரை விரித்து, அதன் மேல் தன் கையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். தெருவில் அவள் அளவு எடுக்காத உடம்பு இல்லை. தன் கையை அளவெடுத்தது இதுதான் முதல்தடவை. இடது கை ஒரு மாதிரியும் வலது கை ஒரு மாதிரியும் இருந்தன. கத்திரி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் பருத்துப் போயிருந்தது. அவளுக்கே அதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. லைனிங் துணியில் மிஞ்சின துண்டுகளைப் பொறுக்கி, மெத்தென்ற பருத்தியில், விரலுக்கு ஒரு நிறமாக இரண்டு உறைகள் தைத்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிரீமைத் தாராளமாகப் பூசி உறையை மாட்டிக்கொண்டாள். படுக்கும்போதும் அதேதான். படுக்கும்போது சரி, தூங்கிவிடலாம். மதியம்தான் வேடிக்கை. உறை போட்ட கையால் ஊசி பிடிக்க முடியாது, காய் நறுக்க முடியாது, போனைக்கூட எடுக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். சும்மா! அவளுக்கு அது தெரியவே தெரியாது. முதல் நாள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ரேடியோ தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். மூக்கு அரித்தது, டிரைவர் சொறிந்துவிட்டான். "இன்னும் கொஞ்சம் மேல. அங்க இல்லீங்க, இங்க." பஸ்ஸை எத்தனையோ சந்துக்குள் திருப்பினவன், இந்த மூக்கைக் கண்டுபிடிக்கத் திணறினான்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, மடியில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். டிரைவர் டீ போட்டு, ஆற்றி, டம்ளரை அவள் வாயருகே பிடிப்பான். ஒரு டீயில் சர்க்கரை இருக்காது, இன்னொரு டீயில் சர்க்கரை மட்டும்தான் இருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் குடிப்பாள். சொன்னால் நாளைக்குப் போடமாட்டானே! இத்தனை வருஷத்தில் இந்த ஆளின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று தோன்றும். ஜன்னலுக்கு வெளியே மதியம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

குட்டு ஒரு நாள் வெளிப்பட்டது. பல் டாக்டர் எங்கோ போகவேண்டியிருந்ததால் கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட, பாப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து பார்த்தால், அம்மா பத்து நிறத்தில் விரல்களை விரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள்; அப்பா சீப்பை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தலை வாருகிறார், வகிடு காதுப் பக்கம் போயிருக்கிறது; அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "கோணல்டா, கோணல்டா" என்று உயிரை வாங்குகிறாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றாள் பாப்பா.

டிரைவர் சீப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். ரேடியோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

தையல்காரம்மாவுக்கு வேறு வழியில்லை. "பீரோல, அடித்தட்டுல பாரு" என்றாள்.

பாப்பா தலையணை உறையிலிருந்து துணியை உருவினாள். தேன் நிறம் தரையெல்லாம் வழிந்தது.

"எப்போம்மா வாங்கின?"

"உனக்கு நிச்சயம் ஆன அன்னிக்கு. நீ கடையில எடுக்கறேன்னு சொன்னே. கை சரியாச்சுன்னா கேக்கலாம்னு இருந்தேன். ஆகலேன்னா நீ உன் இஷ்டப்படி எடுத்துக்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"அம்மா, நீ துணியைக் கெடுத்துடுவேன்னு நான் அன்னிக்குச் சொல்லலம்மா." பாப்பாவின் குரல் உடைந்தது. "ஜிப் மாத்தும்போது உன் விரல்ல ரத்தம் வந்துச்சு. நீ அதைப் பாக்காம துணியில பட்டுடுச்சான்னு பாத்த. எனக்குத் தாங்கல. என் கல்யாணத்துக்கு நீ அப்படி உக்காந்து தைக்கணுமான்னு இருந்துச்சு. அதான் சொன்னேன்."

இது தெரியாமல் எத்தனை நாள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெந்திருக்கிறாள்!

பாப்பா பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, உறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். துண்டால் கையைச் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு சாட்டினின் ஓரத்தை மடியில் விரித்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அதன் மேல் இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவிரல் போனது. இடது ஆள்காட்டி விரல் மட்டும் லேசாகப் பிடித்து நின்றது. தையல்காரம்மாவின் முகம் வாடிவிட்டது.

"ஒரு விரல்தானே மக்கர் பண்ணுது?" என்றாள் பாப்பா. "அதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் குடு. கடைக்கெல்லாம் நான் போகல. எனக்கு இதுதான் வேணும். ஆனா ஒரு கண்டிஷன், மதியம் இந்த நாற்காலி, இந்த உறை. கல்யாணம் முடிஞ்சப்புறமும்."

"அப்போ தலை வார்றது?" என்று கேட்டான் டிரைவர்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள் ரேடியோ. "நீ டீயோட நிறுத்திக்க."

தைக்கிற வேலை காலை வேளைகளில் நடந்தது. சாக்குக்கட்டியை ஒதுக்கிவிட்டு, தேய்ந்துபோன சோப்புச் சில்லால் கோடு போட்டாள். அது விரலை உலர்த்தாது. அந்த ஒரு விரலும் வழிக்கு வந்தது. சாட்டின் அவள் கைக்கு அடங்கி, சொன்ன இடத்தில் மடிந்து, சொன்ன இடத்தில் விழுந்தது. எங்கேயும் ஒரு கோடு விழவில்லை.

உடை முடிந்த அன்று பாப்பா அதைப் போட்டுக்கொண்டு தையலறைக் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். ரேடியோ இரண்டு கையாலும் சுற்றித் திருஷ்டி கழித்தாள். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தூசி, தூசி" என்று கண்ணைத் துடைத்தான்.

தையல்காரம்மா மகளுக்குப் பின்னால் போய் நின்று, கழுத்திலிருந்து இடுப்புவரை உள்ளங்கையை வைத்து ஒரே வீச்சில் தடவிப் பார்த்தாள். எந்த இடத்திலும் பிடிக்கவில்லை. அப்படியே முன்னால் வந்து, பழக்கத்தில் புறங்கையை மகளின் கன்னத்துக்குக் கொண்டுபோனவள், நடுவழியில் நிறுத்தினாள். கையைத் திருப்பினாள். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தாள்.

பாப்பா அசையாமல் நின்றாள். பிறகு அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். "உன் கை உள்பக்கம் இவ்ளோ சூடா இருக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதும்மா."